கையைப் பிடியுங்கோ

என் மகள் இப்போது தரம் ஆறில் படிக்கிறாள். மேசையில் இருந்து எழுதும்போது நான் பக்கத்தில் போனால், இடக்கையை வளைத்துக் கொப்பியை மறைத்துக்கொள்வாள். தேத்தண்ணியை வைத்துவிட்டு நான் குசினிக்குத் திரும்பும் வரைக்கும் அவளுடைய பேனை அசையாது. அவளுடைய கையெழுத்து வகுப்பிலேயே நல்லது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால்தான் எனக்கு அதைப் பார்க்கக் கிடைக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் இதைக் கண்டுவிட்டு, வளருகிற பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான், கண்டுகொள்ளாதே என்றார். நானும் தலையை ஆட்டி வைத்தேன். ஆனால் இது வயதோடு வந்த பழக்கம் இல்லை. இது நான் செய்த வேலை. என் பிள்ளையின் கையை நான் அவளிடமிருந்து பறித்துவிட்டேன், திருப்பிக் கொடுக்கத் தெரியாமல் நின்றேன். வெட்கத்தை விட்டு அதை எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

அவளைத் தரம் ஒன்றில் சேர்த்த வருடம்தான் கொரோனா வந்தது. புதுப் பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழாவில் கடதாசித் தொப்பியும் மாலையுமாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் நேர்கோடு, சாய்கோடு, வளைகோடு என்று கீறினாள். அதோடு பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். வகுப்பு ரீச்சர் இணுவிலிலிருந்து பஸ்ஸில் வருகிற இளம் பிள்ளை. அவர் தாய்மார் எல்லாரையும் சேர்த்து வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார். ஒவ்வொரு நாளும் காலையில் அதில் ஒரு வேலை வரும். வீட்டில் வட்டமாக இருக்கும் ஐந்து பொருட்களைத் தேடி வரையுங்கள். இலைகளைப் பொறுக்கிப் பெரிது சிறிதாக அடுக்குங்கள். ட, ப, ம எழுதிப் பழகுங்கள். பிள்ளை செய்ததைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால் ரீச்சர் ஒரு நட்சத்திரம் அனுப்புவார்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். மீன்பிடிக்கப் போகிற என் மனுசன் அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார். விடியக் கரைக்கு வந்தால் நான் மீனை வாங்க முன்னம் போனைத்தான் வாங்குவேன். செதில் ஒட்டின பாழாய்ப்போன போன், அதைத் துடைத்துத் திறந்தால் ஏற்கெனவே நாலைந்து பேர் படம் போட்டிருப்பார்கள். ஒரு பிள்ளையின் கொப்பியில் அடிமட்டம் வைத்து ஓரம் கீறி, பூக்கொடி சுற்றி, நடுவில் முத்து முத்தாக எழுத்து. ஆறு வயதுப் பிள்ளை அடிமட்டம் வைத்து ஓரம் கீறுமா? எல்லா வீட்டிலும் தாய்மார்தான் பாடம் செய்கிறார்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியபடியால்தான் நானும் இறங்கினேன்.

என் மகள் செய்ததையும் சொல்ல வேண்டும். வட்டமான ஐந்து பொருட்களுக்கு அவள் ரொட்டியும், பானை மூடியும், கிணற்று வாயும், பூனையின் கண்ணும், அப்பாவின் வயிறும் கீறி வைத்திருந்தாள். அப்பாவின் வயிற்றில் தொப்புள்கூட இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைக் குழுவில் போட்டால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று பதறி, அந்த வயிற்றை அழித்துவிட்டு ஒரு மணிக்கூடு கீறினேன். எங்கள் வீட்டில் வட்ட மணிக்கூடு இருக்கவில்லை.

எழுத்துத்தான் பெரிய பாடு. நாலு ட எழுத அவளுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். ஒன்றை எழுதிவிட்டு முற்றத்துப் பூனையைப் பார்க்கப் போவாள். வந்து இன்னொன்று எழுதினால் அது கால் மடிந்த கதிரை மாதிரிச் சரிந்து கிடக்கும். எனக்குப் பொறுமை என்பது கடைச்சரக்கு, வாங்கி வைத்திருந்தால்தானே இருக்கும். ஒருநாள் அவளை இழுத்து மடியில் இருத்தி, பென்சிலோடு சேர்த்து அவளுடைய கையைப் பொத்திப் பிடித்து எழுதினேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்தது.

எங்களில் பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது கையைப் பிடித்துத்தான் எழுதுவிப்பது. தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து ஐயர் அ, ஆ என்று கீறுவார். பிள்ளைக்கு ஒன்றும் தெரியத் தேவையில்லை. கை பெரியவரின் கையோடு போனால் சரி. என் மகளுக்கும் நவராத்திரி முடிவில் கோயிலில் வைத்து அப்படித்தான் தொடக்கினோம். ஆனால் அது ஒருநாள் சடங்கு. அரிசியைத் திரும்ப அள்ளினால் முடிந்தது. நான் அதை மாதக்கணக்கில் நடத்தினேன்.

எனக்குள் அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். மற்றத் தாய்மார் தாங்களே எழுதிப் போடுகிறார்கள், அது கள்ள வேலை. என் பிள்ளை தன் கையால் எழுதுகிறாள், நான் சும்மா பிடிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் எழுத்தைக் கொஞ்சம் கோணலாக விட வேண்டும் என்று மட்டும் மறக்காமல் பார்த்துக்கொண்டேன். அப்போதுதான் பிள்ளை எழுதியது போல் இருக்கும். அந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

முதல் கிழமை அவள் கையை இழுத்துப் பார்த்தாள். நான் விடவில்லை. பிறகு அவள் இழுப்பதை நிறுத்திவிட்டாள். கையை என்னிடம் தந்துவிட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கை அவ்வளவு லேசாக, நான் வளைத்த பக்கம் எல்லாம் வளைந்து கொடுத்தது. பிள்ளைக்குப் பழகிவிட்டது என்று நான் சந்தோசப்பட்டேன்.

நட்சத்திரங்கள் வந்தன. ஒருநாள் ரீச்சர் குரல் பதிவே போட்டார், எழுத்து மிகவும் நன்றாக இருக்கிறது, அம்மாவின் கவனிப்புத் தெரிகிறது என்று. அன்று கறிக்கு உப்புப் போட்டேனா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பதிவைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் வளர்ந்தது முகாமில். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் சனம் சண்டைக்குப் பயந்து இந்தக் கரையை விட்டு எழும்பியது. திரும்பி வந்தபோது எனக்குக் கலியாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பெயர் முகாம் பிள்ளைகள். வகுப்பில் இருக்கிற இடம் கடைசி வாங்கு. என் கொப்பியில் சிவப்புப் பேனை பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பிழை என்று வெட்டுவதற்குக்கூட ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு முப்பது வயதுக்குப் பிறகு முதல் நட்சத்திரம் கிடைத்தது. அது மகளுடைய பெயரில் வந்தது என்பதை நான் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

என் மனுசன் அதிகம் கதைக்காதவர். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் ஒருநாள் ஊசியைக் கீழே வைத்தார்.

"இஞ்சேருமப்பா, பிள்ளையின்ரை கையை விடும். அவள் கிறுக்கட்டும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் உங்கள் வலையைப் பாருங்கோ, கொப்பியை நான் பார்க்கிறேன் என்றேன். இன்னும் நாலு சொல் கூடவும் சொன்னேன், அதை இங்கே எழுத வேண்டாம். அவர் ஊசியை எடுத்துக்கொண்டார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

இடையில் சில நாட்கள் பள்ளிக்கூடம் திறந்தார்கள். நான் அனுப்பவில்லை. நோய்ப் பயம் என்று எல்லாருக்கும் சொன்னேன். பாதி உண்மைதான்.

கடைசியில் ஒழுங்காகத் திறந்தபோது அவள் தரம் இரண்டுக்கு வந்துவிட்டாள். வெள்ளைச் சட்டை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அதே ரீச்சர்தான் இந்த வகுப்புக்கும். ஒரு கிழமை போயிருக்கும், அவர் என்னை வரச் சொல்லி அனுப்பினார். நான் நல்ல சேலையாக எடுத்து உடுத்துக்கொண்டு போனேன். பிள்ளையைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு தூரம் எனக்குக் கண் மறைந்திருந்தது.

இடைவேளை நேரம். மற்றப் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். ரீச்சர் என்னைக் குட்டிக் கதிரையில் இருத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, இவ பென்சிலைப் பிடிச்சுக் கொப்பியிலை வச்சிட்டுப் பேசாமல் இருக்கிறா. எழுதுங்கோ எண்டால் என்னைப் பாக்கிறா. விளங்கேல்லையாக்கும் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னன். நேற்று என்ன சொன்னவ தெரியுமோ? 'ரீச்சர், கையைப் பிடியுங்கோ' எண்டு சொல்லுறா."

வீட்டிலிருந்து அனுப்பின வேலைகளை எல்லாம் யார் எழுதினது என்று ரீச்சர் கேட்டார்.

"அவதான் எழுதினவ," என்றேன்.

என் மகள் அங்கேதான் நின்றாள். எல்லாம் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

ரீச்சர் என்னோடு வாதாடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்து, அம்மாவுக்கு ஒரு தரம் எழுதிக் காட்டுங்கோ என்று அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து இருந்தாள். பென்சிலை எடுத்தாள். நுனியைத் தாளில் வைத்தாள். பிறகு முழங்கையை என் பக்கமாகக் கொஞ்சம் நீட்டி, மணிக்கட்டைத் தளர விட்டுக்கொண்டு காத்திருந்தாள். நான் வந்து பிடிப்பேன் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ரீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கல்லுப் போல இருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில், வைரவர் கோயிலடியில் சைக்கிளை நிறுத்தினேன். என்னை வெட்கப்படுத்திப்போட்டாய் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவளுடைய வலக்கையில் இரண்டு அடி போட்டேன். நான் பிடித்து எழுதின அதே கை. அவள் அழவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது யாருடையது என்று பார்ப்பது போல. இந்த வயதுக்குள் நான் எத்தனையோ இழப்புகளைப் பார்த்தவள். ஆனாலும் இரவில் படுத்தால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பார்வைதான்.

அதற்குப் பிறகு அவள் பென்சிலைத் தொடவே இல்லை. வகுப்பில் எழுதச் சொன்னால் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். பள்ளிக்கூட அதிபருக்குத் தெரிய வந்தது. இந்தத் தவணை முடிவதற்குள் எழுதத் தொடங்காவிட்டால் விசேட வகுப்பில் விடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். சுகமில்லாத பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு எவ்வளவோ நல்லது. ஆனால் என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லையே. குறை எல்லாம் என்னிடம்தானே இருந்தது.

அதிபர் சொன்னதைக் கேட்ட மறுநாள் போய் ரீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். நான்தான் எழுதினேன், கையைப் பிடித்து எழுதினேன், அன்று சொன்னது பொய் என்றேன். அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"தெரியும் அக்கா," என்றார் ரீச்சர். "எல்லா அம்மாமாரும் உந்த வேலையைத்தான் செய்தவை. நானும் பேசாமல் நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தனான்தானே. ஆனா அவை தாங்கள் எழுதேக்கை பிள்ளையள் வேறை எங்கையோ கிறுக்கிக்கொண்டு திரிஞ்சுதுகள். இவவுக்குக் கிறுக்கவும் கை இருக்கேல்லை."

எனக்கு அது சுள்ளென்று பட்டது. நான் பெரிய நேர்மைக்காரி என்று நினைத்துச் செய்தது, கள்ள வேலை செய்தவர்களுடையதைவிட மோசமாக முடிந்திருந்தது.

வீட்டில் கொப்பியும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம் என்றார் ரீச்சர். சிப்பி, சோகி, மணல், கரி, எது கிடைத்தாலும் அவளிடம் விடுங்கோ. நீங்கள் பக்கத்தில் இருக்காதேங்கோ. படம் எடுக்காதேங்கோ. கேட்க லேசான வேலை மாதிரித்தான் இருந்தது. என்னைப் போல ஒருத்திக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது.

கரையிலிருந்து ஒரு வாளி சோகி அள்ளி வந்து முற்றத்தில் கொட்டினேன். இரண்டு நாள் அவள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒவ்வொன்றாக எடுத்து வரிசை வைக்கத் தொடங்கினாள். பெரிது, சிறிது, பெரிது, சிறிது என்று வேலி வரைக்கும் போனது. குசினி வாசலில் நின்று பார்த்த எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நடுவில் ஒன்று மட்டும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. தண்ணி அள்ளப் போகிற சாட்டில், குனிந்து அதை நேராக்கினேன். ஒரே ஒரு சோகி. அவள் எழும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். அந்த வரிசை அப்படியே கிடந்தது. கோழி கிளறிக் கலைக்கும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. உமக்கு என்ன நடந்தது என்று என் மனுசன் கேட்டார். என் கையை வெட்டிப்போட வேண்டும் போல் இருக்கிறது என்றேன். அவர் சோற்றைக் கோப்பையில் போட்டு என் முன்னால் வைத்தார். முன்னமே சொன்னேனே என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் முற்றத்தில் இருந்தால் நான் தொடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு இருக்கப் பழகினேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர் அறுத்துப் போட்ட வலைநூல் துண்டுகளை எடுத்து அவள் முடிச்சுப் போட்டாள். மணலில் குச்சியால் கோடு கீறினாள். நான் வருகிற சத்தம் கேட்டால் காலால் அழித்துவிடுவாள். அழித்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நான் கடந்து போவேன். தவணை முடிய மூன்று கிழமை இருந்தது, பிறகு இரண்டு கிழமை. ரீச்சரைக் கண்டால், இன்னும் இல்லை என்பது போல மெதுவாகத் தலையை ஆட்டுவார்.

தை மாதம். வாடைக் காற்றில் கரையெங்கும் பட்டம். ஒரு பின்னேரம் விறகு எடுப்பதற்காகக் குசினிக்குப் பின்னால் போனேன். அங்கே பூசாத சுவர் ஒன்று இருக்கிறது. அதில் என் முழங்கால் உயரத்துக்கு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கரியால் எழுதியிருந்தது. ட, ட, ட, ட. பிறகு ப. பிறகு ம. சிலது சரிந்து, சிலது திரும்பி, ஒன்று சுவர் வெடிப்புக்குள் விழுந்து. கடைசியில் வால் வைத்த ஒரு பட்டம் கீறி, அதற்குக் கீழே பட்டம் என்று எழுதியிருந்தாள். புள்ளிகள் இல்லை. அது எத்தனை நாள் வேலையோ தெரியாது. நான் நாளுக்கு நாலு தரம் போய்வருகிற இடம், ஆனால் அவ்வளவு பணிவாகக் குனிந்து பார்த்ததில்லை.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் ஒரு கரித்துண்டு கிடந்தது. என் கை அதை எடுத்துவிட்டது. இரண்டு புள்ளிதானே, வைத்தால் வார்த்தை சரியாகிவிடும். சுவருக்குக் கிட்ட வரைக்கும் கை போனது. பிறகு கரித்துண்டைத் தூர எறிந்தேன். அந்த நிமிடம் எனக்கு என்னை நினைக்கவே பெருமையாக இருந்தது. அப்பாடா, திருந்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோசத்தில்தான் போனை எடுத்தேன். ரீச்சருக்கு உடனே காட்ட வேண்டும், அதிபருக்கும் காட்டச் சொல்ல வேண்டும், இனி விசேட வகுப்பு என்ற கதையே இருக்காது. சுவர் முழுவதும் படத்துக்குள் வர வேண்டும் என்று பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

எங்கிருந்து வந்தாளோ, ஓடி வந்து சுவருக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். இரண்டு கையையும் விரித்து, முதுகை எழுத்துகளோடு ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா, உந்தப் படத்தை அனுப்பாதேங்கோ."

ஏன் ராசாத்தி, ரீச்சர் எவ்வளவு சந்தோசப்படுவா என்றேன்.

"உது நான் எழுதினது," என்றாள். "அதுக்கு நட்சத்திரம் வராது."

போனை இடுப்பில் செருகினேன். அனுப்பமாட்டேன் என்று சொன்னேன். சத்தியமாக அனுப்பமாட்டேன் என்றும் சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் குசினிக்குள் போகும் வரைக்கும் அந்தச் சுவரை விட்டு அசையவில்லை.